பின் பெஞ்சுப் பிள்ளைக்குப் பாடம் எடுங்கள்: கல்லூரி வேலை நேர்முகத் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில், கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று நம் வட்டாரத்திலிருந்தே கட்டுக்கட்டாக வந்துவிட்டன. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1947-ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்தே, படித்துவிட்டு இங்கேயே பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகளுக்கு உண்டு. நான் வணிகவியல் துறையில் 31 வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். தேர்வுக் குழுவில் மேசைக்கு அந்தப் பக்கமும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

எம்.காம். முடித்து நெட் தேறியிருக்கிறேன். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் அடுத்த மாதம் உதவிப் பேராசிரியர் நேர்முகத் தேர்வு. கூட வருகிறவர்கள் பலர் பிஎச்.டி. முடித்தவர்கள். எனக்கு வாய்ப்பு இருக்கிறதா அம்மா? எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?
*வாசகி, காரைக்குடி*

முதலில் அந்தப் பிஎச்.டி. பயத்தை இறக்கி வையுங்கள். 2023 ஜூலை 1 முதல் இந்தப் பணிக்குக் குறைந்தபட்சத் தகுதி தேசியத் தகுதித் தேர்வான நெட், மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று, பிஎச்.டி. கூடுதல் தகுதிதான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே திருத்தம் போட்டுவிட்டது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், அது உங்களிடம் இருக்கும். யுஜிசியின் 2018 விதிமுறையில் கல்லூரிகளுக்கென்று 100 மதிப்பெண்ணுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பிஎச்.டி.க்கு 25, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை சேர்ந்த நெட்டுக்கு 10, வெறும் நெட்டுக்கு 8, செட்டுக்கு 5, பாடம் நடத்திய அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 வீதம் 10 வரை என்று போகும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்வதற்குத்தான். கூப்பிட்ட பிறகு, நேர்முகத் தேர்வில் எப்படிச் செய்தீர்கள் என்பதை மட்டும் வைத்துத்தான் தேர்வு என்று அதே விதிமுறை சொல்கிறது. உங்களுக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது இல்லையா? அப்படியானால் அந்த 25 முடிந்துபோன கதை. உள்ளே எல்லாரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறீர்கள்.

கையில் ஒரு மாதம் இருக்கிறது. அதில் பாதியை டெமோ வகுப்புக்குக் கொடுங்கள். பாதியா என்று கேட்காதீர்கள், நான் யோசித்துத்தான் சொல்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஒரு பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். 'ஒரு 10 நிமிஷம் ஏதாவது பாடம் எடுங்கள், நாங்கள்தான் மாணவர்கள்' என்றதும் முகம் மாறிவிடும், அப்புறம் 'மார்க்கெட்டிங் அறிமுகம்' மாதிரி கடல் போன்ற தலைப்பை எடுத்து, மூன்று பேர் சொன்ன வரையறைகளை ஒப்பித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

சின்னத் தலைப்பாக எடுங்கள். சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைக் கணக்கில் எழுதுகிற தேய்மானத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன், அதிலும் தேய்மானம் முழுவதும் வேண்டாம், இரண்டு முறைகளுக்கு உள்ள வித்தியாசம் மட்டும். 'புதுவயலில் ஒரு ரைஸ் மில், 1,00,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறார்கள், தேய்மானம் 10 சதவீதம்' என்று தொடங்குங்கள். போர்டை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நேர்கோட்டு முறை: ஒவ்வொரு வருடமும் 10,000, 10,000, 10,000. வலது பக்கம் குறைந்துசெல் இருப்பு முறை, அதாவது மீதி மதிப்பில் 10 சதவீதம்: 10,000, 9,000, 8,100. அதற்கு மேல் எழுதாதீர்கள், நின்று திரும்பி ஒரு கேள்வி கேளுங்கள்: 'மில்காரருக்கு எது பிடிக்கும்?' மெஷின் பழசாக ஆகப் பழுதுச் செலவு ஏறும். குறைந்துசெல் இருப்பு முறையில் தேய்மானம் வருடா வருடம் இறங்கும், ஆக இரண்டையும் கூட்டினால் லாபத்தின் மேல் விழுகிற பாரம் ஓரளவு சமமாக இருக்கும். இந்த இடத்தைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தினீர்கள் என்றால் அதுதான் வகுப்பு. எதிரே இருக்கிற பாட வல்லுநருக்கு இது 40 வருடமாகத் தெரியும், அவர் தனக்காகக் கேட்கவில்லை, பின் பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குப் புரியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டால் அதன் அக்கம்பக்கக் கேள்விகளும் உங்களைத் தேடித்தான் வரும். வருமான வரிக்குப் பொதுவாக எந்த முறை? கம்பெனிகளுக்கு 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொத்தின் ஆயுட்காலத்தை வைத்து எப்படிப் போகிறது? இதெல்லாம் தயாராக இருக்கட்டும். வணிகவியலில் இன்னொரு ஆபத்து, நாம் படித்தபோது இருந்த சட்டம் இப்போது இருக்காது. ஜிஎஸ்டியில் 12, 28 என்று ஒப்பித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும், 2025 செப்டம்பர் 22 முதல் 5, 18 என்பவைதான் முக்கிய விகிதங்கள், சில பொருட்களுக்கு 40. வருமான வரிக்கும் 1961 சட்டம் போய் 2025-ன் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இந்த ஒரு மாதத்தில் இவற்றை எல்லாம் ஒரு தடவை தூசு தட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். எந்த செமஸ்டரில் எந்தத் தாள், அக மதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்று பிரித்திருக்கிறார்களா, வினாத்தாளில் கே1, கே2 என்று போட்டிருக்கிறார்களே அது என்ன, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நினைவில் வைத்தல், புரிதல், பயன்படுத்தல் என்று மேலே போகிற படிகள்தான் அந்தக் கே எண்கள். 'ஒரு கே3 கேள்வி சொல்லுங்கள்' என்று கேட்டால், 'தேய்மானம் என்றால் என்ன' என்பது கே1, 'இந்த மில்லுக்கு மூன்று வருடத் தேய்மானம் கணக்கிடுக' என்பது கே3 என்று சட்டென்று சொல்ல வர வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குக் காலையில் பிள்ளைகள் வருகிற பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். என் முதல் நேர்முகத் தேர்வில் செயலர் என்னிடம் பாடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'எந்த பஸ்ஸில் வந்தீர்கள் அம்மா? அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள்?' என்றார். எனக்குத் தெரியவில்லை. வழி முழுக்க நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, புன்னகைத்தார், வேலை இன்னொருவருக்குப் போனது. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி என்று எனக்குப் புரியவே ஐந்தாறு வருடம் ஆனது. பஸ் தவறினால் முதல் பீரியட் போய்விடுகிற பிள்ளைகள்தான் நம் கல்லூரிகளில் அதிகம், அவர்களைப் பார்க்காமல் யாருக்குப் பாடம் எடுக்கப் போகிறோம்?

வேதியியலில் பிஎச்.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஆய்வு, உலோகம் துருப்பிடித்து அரிக்காமல் காக்கிற அரிப்புத் தடுப்பான்கள் பற்றியது. போன இன்டர்வியூவில் என் ஆய்வைப் பற்றியே கேட்டார்கள், வாய் அடைத்துவிட்டது. பள்ளியில் தமிழ் மீடியம், ஆங்கிலம் தடுமாறும். என்ன செய்வது?
*வாசகர், தேவகோட்டை*

தம்பி, மூன்று வருடம் திறக்காத ஆய்வேடு வேறு யாரோ எழுதியது மாதிரிதான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இன்றைக்கே எடுத்து முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஓரத்தில் 'ஏன்' என்று ஒரு கேள்வி எழுதுங்கள். உங்கள் துறையில் இருந்தவர்களோடு நான் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த 'ஏன்'தான். ஏன் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சோதித்தீர்கள்? எஃகின் துரு நீக்க ஆலைகளில் அந்த அமிலத்தில்தான் முக்குகிறார்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். வெப்பநிலை ஏறினால் தடுப்புத் திறன் ஏன் குறைந்தது? தடுப்பான் உலோகத்தின் மேல் வலுவில்லாமல், இயற்பியல் பரப்புக்கவர்ச்சியால் மட்டும் ஒட்டியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. அரிப்பின் வேகத்தைக் கணக்கிட டாஃபெல் வரைபடம் போட்டிருப்பீர்கள், அதில் ஒரு கோட்டைக் காட்டி 'இது ஏன் இங்கே வளைகிறது' என்றால் உங்கள் பதில் என்ன? இப்படி 25 கேள்வி போதும். நம் பக்கத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டியது, அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. அரிப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் உங்கள் எதிரே வல்லுநராக உட்காருவதற்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

ஆய்வை மூன்று விதமாகச் சொல்லிப் பழகுங்கள். வல்லுநருக்கு ஐந்து நிமிஷம், வேறு துறைக்காரரான முதல்வருக்கு இரண்டு நிமிஷம், அப்பத்தாவுக்கு அரை நிமிஷம். 'இரும்பில் துரு ஏறாமல் இருக்க இலைச்சாறு ஒன்று உதவுமா என்று பார்த்தேன், ஓரளவு உதவுகிறது, சூடானால் உதவுவதில்லை.' அப்பத்தாவுக்குச் சொல்ல முடிகிறது என்றால் வாய் அடைக்காது.

ஆங்கிலத்துக்கு வருவோம். இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டாம், அதற்கு நேரமும் இல்லை. டெமோவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, 20 தடவை வாய்விட்டு, நின்றுகொண்டு, கையில் சுண்ணக்கட்டியோடு சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிஷம் தடங்கல் இல்லாமல் போனால் நெஞ்சு படபடப்பு அடங்கிவிடும். பிறகு, 'பிள்ளைகளுக்காக இந்த இடத்தைத் தமிழிலும் சொல்கிறேன் ஐயா' என்று அனுமதி கேட்டுச் சொல்லுங்கள். இங்கே பெரும்பாலான வகுப்பு இரண்டு மொழியில்தான் நடக்கிறது, குழுவுக்கும் அது தெரியும். உங்கள் தமிழ் மீடியம் இந்த இடத்தில் பலம், ஏனென்றால் முதலாண்டில் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரளுகிற பிள்ளையின் நிலைமை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டெமோ தலைப்பு கேட்டிருந்தால் நான் ஒன்று சொல்லியிருப்பேன், கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல். நம் வீட்டு முகப்பிலும் பட்டாலையிலும் பிள்ளைகள் தினம் மிதிக்கிற கல். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். 'காய வேண்டிய பொருளை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள்?' இந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்குங்கள். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் உருவாகிறது என்று அங்கிருந்து நேராகச் சமன்பாட்டுக்குப் போய்விடலாம். பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் கண்ணாடியைக் காட்டுங்கள்.

எம்.ஏ. தமிழ், செட் தேறியிருக்கிறேன். டெமோவுக்கு 'யாதும் ஊரே' பாடலை எடுக்கலாம் என்று ஆசை. எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
*வாசகர், திருப்பத்தூர் அருகே*

மாற்றாதீர்கள். அதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் மகிபாலன்பட்டிதான் என்று நம் பக்கத்தில் சொல்கிறோம், உங்கள் ஊருக்குப் பக்கம், நீங்கள் எடுக்காமல் யார் எடுப்பது? ஆனால் எல்லாரும் முதல் அடியிலேயே நின்று உலக ஒற்றுமை என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். 13 அடிப் பாட்டு அது. மலையில் பெய்த மழை பெரிய ஆறாகி, கல்லில் மோதி இரைந்து ஓட, அதில் நீரின் போக்கிலேயே போகிற தெப்பம் ஒன்று நடுவில் வருகிறதே, அதிலிருந்து தொடங்குங்கள். உயிர் அந்தத் தெப்பம் மாதிரி என்று தெரிந்துகொண்டதால்தான் பெரியவரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவரை இகழ்வது அதைவிட இல்லை என்று முடிக்கிறார். தெப்பத்தை விட்டால் அந்த முடிவுக்கு வழி இல்லை. திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி என்பதைக் கேட்பார்கள், அது என்ன துறை என்று இரண்டு வரியில் சொல்லத் தெரியட்டும்.

நீங்கள் தமிழ்த்துறையில் சேர்ந்தாலும் பாதி நேரம் பகுதி ஒன்று தமிழ்தான் எடுப்பீர்கள், அதாவது கணினியும் வணிகமும் படிக்கிற பிள்ளைகளுக்கு. அவர்களை நினைத்து டெமோவை அமையுங்கள். சொற்பொருள் எழுதிப் போடுவதைக் குறையுங்கள். பாட்டை ஒரு தடவை நிறுத்தி, இசை தெரியாவிட்டாலும் ஓசை கெடாமல் வாய்விட்டுப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

உள்ளூர்க் கேள்வி ஒன்று வரலாம். 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் என்று நம் பக்கத்துத் தமிழ்ப் பணி நீளமானது. பண்டிதமணியும் மகிபாலன்பட்டிக்காரர்தான். ஊர்ப்பெருமையாகப் பேசாமல், ஒருவரைப் பற்றியாவது ஆழமாகப் படித்துவிட்டுப் போங்கள்.

'மெதுவாகக் கற்கும் மாணவர்களை எப்படிக் கையாளுவீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்களாமே. நல்ல மாடல் பதில் ஒன்று தர முடியுமா?
*வாசகி, பள்ளத்தூர்*

தர மாட்டேன், மன்னிக்க வேண்டும். 'ரெமெடியல் கிளாஸ் வைப்பேன், பியர் லேர்னிங் செய்வேன்' என்ற மாடல் பதிலை ஒரே நாளில் 14 பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், 15-ஆவது ஆள் அதையே சொல்லும்போது காது அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக உங்களோடு படித்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவள், மாலை ஜவுளிக்கடையில் நிற்கிறவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாயை வீட்டில் கொடுத்துவிடுகிறவள். அவளுக்கு மூளை மெதுவாக ஓடவில்லை, களைப்பு, அதோடு பாதிச் சொல் புரியவில்லை. அவளுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு அலகுக்கும் முன்னால் 20 கலைச்சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு ஒரு தாளில் கொடுப்பீர்களா? மாலை ரெமெடியல் வகுப்புக்கு அவளால் நிற்க முடியாது என்பதால் மதிய இடைவேளையில் 15 நிமிஷம் உட்காருவீர்களா? அக மதிப்பீட்டில் முதல் தேர்வில் 25-க்கு 6 வாங்கினால், இரண்டாவது தேர்வு வரும்வரை சும்மா இருப்பீர்களா, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பேசுவீர்களா? இதில் எது உங்களால் உண்மையிலேயே முடியும் என்று தோன்றுகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடி வகுப்பு இருக்கும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 'இதற்கெல்லாம் நேரம் எங்கே' என்று அடுத்த கேள்வி வரும்.

குழந்தை பிறந்ததால் 2018-ல் வேலையை விட்டேன். கணினி அறிவியல். இப்போது திரும்ப முயல்கிறேன். 'குழந்தையை யார் பார்ப்பார்கள்?' என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். இடைவெளியைப் பற்றியும் குத்திக் கேட்கிறார்கள். அழுகை வந்துவிடுகிறது.
*வாசகி, கோட்டையூர்*

அம்மா, அந்தக் கேள்வி தவறு. இதே குழந்தையின் அப்பா வந்து உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. நான் குழுவில் இருந்தபோது யாராவது இதைக் கேட்டால், 'அது நம் வேலை இல்லை சார், பாடத்துக்கு வாருங்கள்' என்று சொல்லிவிடுவேன், அதற்காக ஒன்றிரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் எல்லா அறையிலும் அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. அதனால் ஒரே வரியில் முடித்துவிடுங்கள்: 'வீட்டில் ஏற்பாடு இருக்கிறது, வகுப்பு நேரத்துக்கு எந்தத் தடங்கலும் வராது.' மாமியாரா அம்மாவா என்று விவரம் தர வேண்டியதில்லை. அந்த வரி முடிந்ததும் மூச்சு விடாமல் பாடத்துக்குத் தாவிவிடுங்கள்.

தாவுவதற்குப் பாடத்தில் இடம் வேண்டும் அல்லவா, அங்கேதான் உழைப்பு. நீங்கள் விட்டபோது இருந்த பாடத்திட்டத்தையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக வந்த தாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றை ஸ்வயம் என்கிற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளத்தில் தேர்வு எழுதிச் சான்றிதழோடு முடித்துவிடுங்கள். இரண்டாவது, சாட்ஜிபிடி. நீங்கள் விட்டபோது அது கிடையாது, இப்போது பிள்ளை அசைன்மென்டையும் புரோகிராமையும் அதில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். 'என்ன செய்வீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள். தடுப்பேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 'கொண்டுவந்த புரோகிராமில் ஒரு வரியை நான் மாற்றிவிட்டு, இப்போது விடை என்ன வரும், ஏன் என்று நேரில் கேட்பேன், மதிப்பெண் அதற்குத்தான்' என்பது போல ஒரு வழியை யோசித்து வையுங்கள். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கிற தொனி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு குழந்தையை வளர்த்திருக்கிறீர்கள், திருட்டு எதுவும் செய்யவில்லை.

சுயநிதிக் கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டுமாம். சம்பளம் 'சேர்ந்த பிறகு பார்க்கலாம்' என்கிறார்கள்.
*வாசகர், புதுவயல்*

அசலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அசலை வைத்துக்கொண்டு, வேறு வேலை கிடைத்தபோது தராமல் இழுத்தடித்ததால் அரசு வேலைச் சரிபார்ப்புக்குப் போக முடியாமல் தவித்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அந்தக் கல்லூரி வாசலில் அவனோடு நானும் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். யாராவது 'நன்கொடை' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், கடன் வாங்கிக் கொடுக்கிற பேச்சே வேண்டாம்.

சம்பளத்தைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? யுஜிசி ஊதியத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிப் பிரிவில் அதன் பக்கத்தில்கூடப் பெரும்பாலும் வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இந்த நிலைமை எனக்கு மனவேதனை தருகிறது. ஆனாலும் மாதம் எவ்வளவு, விடுமுறையான மே மாதத்துக்கும் சம்பளம் உண்டா, பிஎஃப் பிடிக்கிறார்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அனுப்புவார்களா, இந்த ஐந்தையும் மரியாதையாகக் கேட்டு, பணி ஆணையில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

என்ன உடுத்திக்கொண்டு போவது? ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்?
*வாசகி, கண்டனூர்*

வகுப்புக்குப் போகிறபோது எதை உடுத்துவீர்களோ அதை. பெண்கள் புது பட்டுச்சேலை வேண்டாம், கை தூக்கிப் போர்டில் எழுதும்போது இடைஞ்சல் இல்லாத பழகின பருத்திச் சேலை போதும். ஆண்கள் முழுக்கைச் சட்டை, ஷூ. ஃபைலில் அழைப்புக் கடிதம் மேலே, பிறகு பத்தாம் வகுப்பிலிருந்து வரிசையாகச் சான்றிதழ்கள், நெட் அல்லது செட், சாதிச் சான்றிதழ், அனுபவச் சான்று, கட்டுரைகளின் முதல் பக்கங்கள். நகல் இரண்டு செட். தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால், 'கேர் இதழில் வந்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் கட்டுரையில் என்ன சொன்னீர்கள் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள்.

என் மகனுக்கு நாளை மறுநாள் இன்டர்வியூ. ஏற்கெனவே நாலு இடத்தில் கிடைக்கவில்லை. சாப்பிட மாட்டேன் என்கிறான், இரவெல்லாம் விழித்துப் படிக்கிறான். பெற்றவள் நான் என்ன சொல்வது?
*ஒரு தாய், கானாடுகாத்தான்*

ஆச்சி, உங்கள் கடிதம் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது, அந்தத் தேதி போயிருக்கும். உங்கள் மகனுக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். கிடைக்காமல் ஐந்தாவது தடவையும் திரும்பியிருந்தால், முதலில் ஒரு வாரம் யாரும் அதைப் பற்றிக் கேட்காமல் இருங்கள், குறிப்பாக விசேஷ வீட்டில் உறவுக்காரர்கள் முன்னால். பிறகு அவனிடம் அந்த அறையில் கேட்ட எல்லாக் கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், நினைவு இருக்கும்போதே. ஐந்து இடத்துக் கேள்வியையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே தடுக்குகிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும், பலருக்கு அது பாடத்தில் இருக்காது, டெமோவில் இருக்கும்.

அடுத்த அழைப்பு வரும்போது, முந்தின நாள் சாயந்தரம் ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வளவில் ஒரு நாற்காலியைப் போட்டு நீங்கள் உட்காருங்கள், அண்டை வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரையும் உட்கார வையுங்கள், அந்தப் பத்து நிமிஷப் பாடத்தை ஒரே ஒரு தடவை எடுத்துக் காட்டட்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம் இட்லியோ இடியாப்பமோ வயிற்றுக்கு லேசாக எதையாவது கொடுத்துப் படுக்கச் சொல்லுங்கள். பையில் இரண்டு சுண்ணக்கட்டியும் ஒரு மார்க்கர் பேனாவும் போட்டு வையுங்கள், சில இடத்தில் கரும்பலகை இருக்கும், சில இடத்தில் வெள்ளைப் பலகை, அங்கே போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.